மோதினார் ‘அவன்’ ஆனது எவ்வாறு?

“மோதினார் எங்கே? அவன் இன்னும் பாங்கு சொல்லலையா?” விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம்மவர் இல்லங்களில் காதில் விழும் பேச்சு இது. அறுபதைக் கடந்த பெரியவரைப் பதினைந்து வயதுப் பாலகன் இங்ஙனம் சுட்டுகிறான்; பெற்றோர் திருத்துவதில்லை. முஅத்தின் என்னும் அரபுச் சொல்லைத் தமிழாக்கிய நம் முன்னோர், ஈற்றில் ‘ஆர்’ விகுதி சேர்த்து ‘மோதினார்’ என்றனர். அதன்பின் ‘அவன்’ என்பது ஒழுக்கக் கேடு மட்டுமன்று. பச்சையான பால்வழுவும் ஆகும்.

சுட்டு இடத்தை மட்டுமே காட்டும் என்பது பள்ளிப் பாடத்தோடு நின்றவர் எண்ணம். தொல்காப்பியர் அ, இ, உ என மூன்று சுட்டுக் கூறினார். உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழ்கிறது. நாம் அதை இழந்தோம். எஞ்சிய இரண்டைக் கொண்டு ஆளை அளப்பதில் மட்டும் நாம் குறைவைக்கவில்லை. மனைவி கணவரை ‘அவங்க’ என்பாள். அவர் அவளை ‘இவ’ என்பார். வாசலுக்கு வந்த கூலியாளுக்கு ‘அந்தாண்ட நில்லு’. பாத்திரம் துலக்கும் மூதாட்டியோ வெறும் ‘அது’! ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல் என்றார் தொல்காப்பியர். அவ்வழக்கை இவர்களுக்கு மறுத்தவர் யார்? நாமே அன்றோ?

“அல்லாஹ்வையே அவன் என்கிறோமே, மோதினாரை அவன் என்றால் என்ன?” என்று வாதிடுவோரும் உளர். இறைவனை ‘அவன்’ என்பது இணையற்ற ஏகத்துவத்தைக் காக்கும் ஒருமை. மோதினாரை ‘அவன்’ என்பது அவர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்து வந்த ஒருமை. அதே நாவு முத்தவல்லியை ‘அவர்கள்’ என்கிறதே, அப்போது இந்தத் தவ்ஹீது எங்கே போயிற்று?

அரபியில் இவ்வேறுபாடுகள் இல்லை என்பதும் அரைகுறைக் கல்வியே. திருமறையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கம், ஓதுவோர் முன் விரிந்திருக்கும் வேதத்தையே ‘தாலிக்க’ என்னும் சேய்மைச் சுட்டால் குறிக்கிறது. அச்சேய்மை மாட்சிமையின் உயரம் என விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். 21ஆம் அத்தியாயம் 36ஆம் வசனத்திலோ, பெருமானாரை (ஸல்) ஏளனம் செய்த நிராகரிப்போர் வாயில் வருவது ‘ஹாதா’ என்னும் அண்மைச் சுட்டு. ‘இந்த ஆளா?’ என்னும் அதே தொனி! நம் பிள்ளைகள் எவர் நடையைப் பயில்கின்றனர்?

மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொன்னவர் கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர்கள் பொருட்டே 80ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவ்வசனங்களை மனனம் செய்த பிள்ளைதான் வெளியே வந்து ‘அவன்’ என்கிறான். ஓதலில் ஓர் எழுத்துப் பிசகினால் பத்து முறை ஓதச் செய்கிறோம். ‘அவர்’ என்று பத்து முறை சொல்லச் செய்ய நம்மைத் தடுப்பது எது?