‘வேணாம்’ என்கிறவளின் கைப்பைக்குள் துவக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

இரண்டு வாரமாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்காவில் ஹிஜாப் அணிந்த சகோதரிகள் வரிசையாக நின்று பிஸ்டலால் சுட்டுப் பழகுகிறார்கள். “மாஷா அல்லாஹ், நம்மட பெண்களும் இப்படி வரணும்” என்று எழுதிப் பகிர்ந்தவர்களில் சிலர், சொந்த மனைவியைச் சந்தைக்குத் தனியாக அனுப்பாதவர்கள். அது வேறு கதை.

அந்த வீடியோ சும்மா வரவில்லை. டெக்சஸில் குடியேறியுள்ள நமது பகுதிக் குடும்பம் ஒன்றில், கணவர் தன் மனைவி ஒரு சிறிய பிஸ்டலை எப்போதும் கைப்பைக்குள் மறைத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார். மனைவி மாட்டேன் என்கிறாள். ஆறேழு மாதமாக இழுபறி. கடைசியில் அவர் மாமனாருக்கும் மச்சான்மாருக்கும் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: “நான் சொல்லிக் கேட்கிறாள் இல்ல. நீங்க சொன்னாக் கேப்பாள்.” கூடவே அந்த வீடியோவும். இப்போது இங்கிருந்து வாப்பா, நானா, சாச்சா என்று ஆளுக்கொரு பக்கம் அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யார் அந்தக் குடும்பம் என்று ஊகிக்க வேண்டாம். குடும்பத்தாருக்குத் தெரிந்துதான் எழுதுகிறோம்.

அந்தக் கணவரை நாம் குறை சொல்லவில்லை. அவருடைய பயம் உண்மையானது. 2015 பெப்ரவரி 10ம் திகதி வட கரோலைனாவின் சப்பல் ஹில் நகரில் மூன்று முஸ்லிம் இளைஞர் யுவதிகளை அயல்வீட்டுக்காரனே சுட்டுக் கொன்றான். கிறைஸ்ட்சேர்ச்சில் 2019 மார்ச் 15ம் திகதி 51 பேர் ஷஹீதானதை யாரும் மறக்கவில்லை. 2023 ஒக்டோபரில் சிகாகோவுக்கு அருகே வாடகை வீடொன்றில் ஆறு வயதுப் பாலகன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான், தாயும் படுகாயமடைந்தார். குத்தியவன் வீட்டு உரிமையாளன். இதையெல்லாம் அந்த மண்ணில் இருந்து பார்க்கிற ஒருவர், தான் இரவு வேலைக்குப் போனால் மனைவியும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று யோசிப்பது இயல்புதான்.

மார்க்க ஆதாரமும் காட்டுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸ். சரியான ஹதீஸ்தான். ஆனால் கட்டச் சொன்னது ஒட்டகத்தை. மனைவியை அல்ல.

குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: “கிராமத்துப் புள்ள, துவக்கைக் கண்டு பயப்படுது. பழகினாச் சரியாகிடும்.” இந்த வரிதான் எங்களை எழுத வைத்தது. அவளுக்குத் துவக்கு தெரியாது என்று யார் சொன்னது? கிழக்கில் 90களில் வளர்ந்த பிள்ளை அவள். 1990 ஓகஸ்ட் 3ம் திகதி இஷாத் தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததையும், அடுத்த வாரம் ஏறாவூரில் நடந்ததையும் நமது வீடுகளில் கேட்டு வளராத பிள்ளை உண்டா? இரண்டு ஊரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள். அதன் பிறகு ஊர்காவல் படைக்கு ஆள் சேர்ந்தது, சொட்கன் வீட்டுக்குள் வந்தது, உம்மாமார் அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஒளித்து வைத்தது எல்லாம் நாம் பார்த்ததுதான். அந்தத் துவக்குகள் ஊரைக் காத்ததும் உண்டு. காவலுக்கு மட்டும்தான் பயன்பட்டன என்று சொல்ல நமது மனச்சாட்சி இடம் தராது. பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் கேட்டால் தெரியும். வீட்டுக்குள்ளும், கோபத்திலும், கவனக்குறைவிலும் அவை என்ன செய்தன என்பதும் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ஆகவே அவள் ‘வேணாம்’ என்பது அறியாமையில் வந்த சொல் அல்ல. துவக்கை ஸ்பீல்பேர்க் படத்தில் பார்த்தவளும் துவக்கோடு ஒரே கூரையில் தூங்கியவளும் ஒன்றல்ல.

இனி விசயத்துக்கு வருவோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1ம் திகதியிலிருந்து, சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதுக்கு மேற்பட்டவர்கள் கைத்துப்பாக்கி கொண்டுதிரிய லைசன் தேவையில்லை. லைசன் தேவையில்லை என்றால் அதற்கான வகுப்பும் பரீட்சையும் கட்டாயமில்லை. கடையில் வாங்கலாம், பையில் போடலாம். இந்தச் சகோதரர் இதை ஒரு வசதியாகச் சொல்கிறார். நமக்கு இதுதான் பயம். ஆபத்து வரும்போது ஒரு நொடிக்குள் பையைத் திறந்து, ஆயுதத்தை எடுத்து, எதிரில் நிற்பவன் உண்மையில் தாக்க வருகிறானா, வழி கேட்க வருகிறானா என்று தீர்மானித்து, பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்து, சுட வேண்டும். விரும்பிப் பழகி, மாதக் கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கே கை நடுங்கும் இடம் அது. கணவன் சொன்னதற்காகத் தூக்கிக்கொண்டு திரிபவள் அந்த நொடியில் தயங்குவாள். தயங்குகிறவளின் கையிலிருந்து துவக்கு எதிரியின் கைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?

அவளுடைய ஒரு நாளையும் பாருங்கள். அவள் வேலை செய்வது ஒரு பாடசாலையில் உதவியாளராக. பாடசாலைக் கட்டிடத்துக்குள் அதைக் கொண்டுபோவது அங்கும் குற்றம். அப்படியானால் காலையிலிருந்து மாலை வரை அது வெளியே நிற்கும் காருக்குள் கிடக்கும். கார்களை உடைத்துத் துவக்குத் திருடுவது அமெரிக்காவில் பெரிய தலையிடி. பள்ளிவாசலுக்குப் போனால் வுழூச் செய்யும்போது பை எங்கே? ஸுஜூதில் இருக்கும்போது பையை யார் பார்ப்பது? மூன்று வயதுப் பிள்ளை இனிப்புத் தேடி உம்மாவின் பையைக் கிண்டாத நாள் உண்டா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2014 டிசம்பர் 30ம் திகதி ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடைக்குள், தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கையை விட்டான். உள்ளே இருந்த பிஸ்டல் வெடித்துத் தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அந்தத் தாய் லைசன் உள்ளவர், துவக்குப் பழக்கம் உள்ள குடும்பத்தவர், விருப்பத்தோடு வைத்திருந்தவர். துவக்குக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த அந்தப் பை, சில நாட்களுக்கு முன் கணவர் அன்பாக வாங்கிக் கொடுத்த நத்தார்ப் பரிசு. பழகியவருக்கே இப்படி என்றால், மனமில்லாமல் சுமப்பவள் நிலை என்ன?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், சிலருக்குக் கசக்கும். கலிபோர்னியாவில் ஒரு கோடி எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 12 வருடப் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தன்னிடம் துவக்கு இல்லாமல், துவக்குச் சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் வீதம், துவக்கே இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வைத்துத் துணையாலேயே சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த நாட்டில் 2021ல் துவக்கால் இறந்த ஏறக்குறைய 48,800 பேரில் பாதிக்கு மேல் தற்கொலை. நமது மாப்பிள்ளை நல்ல மனிசன், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன், வேலை இழப்பு, மன உளைச்சல், நடுச்சாமச் சண்டை எந்த வீட்டுக்கு வராது? அவருடைய துவக்கு ஒன்று ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கிறது. இரண்டாவது எதற்கு?

ஹதீஸ் தேடுகிறவர்கள் இதையும் தேடிப் பாருங்கள். அம்போடு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ போகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. உறையில்லாத வாளை ஒருவர் மற்றவர் கையில் கொடுப்பதும் தடுக்கப்பட்டது. ஆயுதம் வைக்கவே கூடாது என்பதல்ல இவற்றின் கருத்து. ஆயுதத்தின் பொறுப்பு அதைச் சுமக்கிற கைக்கு உரியது. அந்தப் பொறுப்பை ஏற்க ஒருத்தி மறுக்கிறாள் என்றால், ஊரிலிருந்து ஆள் வைத்து அவளை ஏற்க வைப்பது மஷூரா ஆகாது.

அவள் தானாக விரும்பி, பயிற்சி எடுத்து, வைத்திருக்கிறேன் என்றால் நமக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. அது அந்த நாட்டுச் சட்டம், அவளுடைய முடிவு. வீடியோவில் இருந்த சகோதரிகளும் விரும்பி வந்தவர்களாகத்தான் தெரிந்தது.

இத்தனை பேர் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். உனக்கு எதில் பயம் என்று கேட்டது அவளுடைய மாமி மகள் ஒருத்திதான். அதற்கு அவள் சொன்னதை அவளுடைய அனுமதியோடு எழுதுகிறோம்: “பயம் இல்லாம இல்ல. பின் கதவுப் பூட்டு ஒழுங்கா விழுகுதில்ல, ஒரு வருசமாச் சொல்றன். கார் நிப்பாட்டுற இடத்தில லைட் இல்ல. கிழமையில நாலு நாள் அவருக்கு நைட். அதைப் பகலுக்கு மாத்தினாச் சம்பளம் குறையும், பரவாயில்ல என்டும் சொல்லிட்டன்.”

மாமாவுக்கும் மச்சான்மாருக்கும் எங்கள் வேண்டுகோள், குரல் பதிவுக்குப் பதில் அனுப்புவதற்கு முன் இந்த மூன்றையும் மாப்பிள்ளையிடம் கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகு பிஸ்டலைப் பற்றிக் கதைப்போம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், பெயர் போட விருப்பமில்லாவிட்டால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். அந்தக் குடும்பம் யார் என்று மட்டும் கேட்க வேண்டாம்.