மசகிட்ட கைகள் மகிழுந்தைக் கண்டு மருள்வதோ?

1983 திசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014 சனவரியில் ஆக்கம் நின்றது மாருதி 800 மகிழுந்து. மூன்றே உருளைகள் கொண்ட எளிய பொறி. தன் கையாலேயே பேணத்தக்கது. ஆயினும் புதுக்கோட்டைச் சீமையில் அதனை வைத்திருப்போர் முன்மூடியைத் திறக்கவே அஞ்சுகின்றனர். அறிவுக் குறையா? அன்று, அயன்மொழித் திரை!

“பெயர் எதுவானால் என்ன, பழுது தீர்ந்தாற் போதாதா?” என்பர் சிலர். போதாது. ‘ரேடியேட்டர்’ என்னும் ஒலி தமிழர்க்கு எதனை உணர்த்தும்? ‘சூடாற்றி’ என்க, பொறியின் சூட்டை ஆற்றுவது அதுவெனச் சிறுவனுக்கும் விளங்கும். சூடு தணியுமுன் அதன் மூடியைத் திறந்தாற் கொதிநீர் பீறிட்டுக் கையை வேகவைக்கும் என்பதும் உடன் விளங்கும். அவ்வெச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்து யாருக்குப் பயன்?

முந்தைய வண்டிகளிற் கன்னெய்யைக் காற்றொடு கலப்பது கலப்பி; அக்கலவையைப் பற்றவைப்பது தீப்பொறிச்செருகி. செருகியிற் கரி படிந்தால் ஓருருளை ஓயும், வண்டி குலுங்கும். பொறி ஆறியபின் கழற்றித் துடைத்து, இடைவெளியைச் செப்பஞ்செய்து பூட்டுக. இதற்கு ஆங்கிலம் எதற்கு?

அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி எனக் கட்டைவண்டியின் உறுப்புதோறும் பெயரிட்டு, அச்சுக்குத் தானே மசகிட்டு ஓட்டியவன் தமிழுழவன். அவன் வழியினர் மகிழுந்தின்முன் ஊமையராய் நிற்பதோ? வண்டி விற்போர் தமிழிற் கையேடு தருக! பழுதுநீக்கும் கடைதோறும் உறுப்புகளின் தமிழ்ப்பெயர்கள் விளங்குக! மொழி தெளிந்தாற் கை துணியும்.