தனிவீடோ, அடுக்குவீடோ?

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பதை யாவரும் அறிவர். அவற்றுள் முன்னைய இரண்டும் நாள்தோறும் தேடிக்கொள்ளற்பாலன. உறையுளோ பெரும்பாலார் தம் வாழ்நாளில் ஒருமுறையே விலைகொடுத்துப் பெறுவதாம். உணவில் நேர்ந்த பிழையை மறுநாளே திருத்திக்கொள்ளலாம். வீடு வாங்குவதில் நேர்ந்த பிழைக்கோ இருபது ஆண்டு தவணை செலுத்தவேண்டிவரும். ஆதலின், கல்வி முடித்து உத்தியோகத்திற் புகும் நம் கல்லூரி நண்பர்க்கு இதுபற்றிச் சில கூறத் துணிந்தேன்.

எங்கள் வீடு சடையங்குப்பத்தில் உள்ளது. புழல் ஏரியின் உபரிநீரும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழியை நாடிச் செல்லும் தாழ்நிலத்தில் அமைந்தது அவ்வூர். 2011-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பெற்றது. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்தினின்றும் விடுத்த நீர் ஆற்றிற் பெருகி ஊருட் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதோ, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழியிற் பரவிற்று. இருமுறையும் நாங்கள் புத்தகங்களையும் அரிசி மூட்டையையும் பரண்மேல் ஏற்றிவிட்டு வெளியேறினோம். திரும்பி வந்தபின் என் தமையனார், "இதனை விற்றுத் திருவொற்றியூரில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்குவோம், அப்பா" என்றார். தந்தையாரோ, "காலின்கீழ் நமக்கென ஒரு பிடி மண் வேண்டாவோ, தம்பி?" என்றார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தனிவீட்டுக்கு உரியவன் தன் மனை முழுவதற்கும் உரியவன். மகனுக்கு மணமானால் மேலே ஓர் அறை எடுக்கலாம்; முருங்கை ஒன்று நடலாம்; அயலார் இசைவை எதிர்நோக்க வேண்டுவதில்லை. ஆனால் தெருவைச் செப்பனிடுந்தோறும் சாலை உயர, வீடு பள்ளத்தில் ஆழ்கின்றது. ஆற்றின் பெருக்கைத் தனியொருவன் மதில் எழுப்பித் தடுத்தல் இயலாது.

அடுக்குவீட்டிலோ நீர் எட்டாத உயரம் கிடைக்கின்றது. செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டமையால், திருவொற்றியூரில் வாழ்வோர்க்கு நகருக்குட் சென்று வருதலும் எளிதாயிற்று. எனினும், அங்கு நாம் வாங்குவது யாது என்பதை ஆராய்தல் வேண்டும். கிரயப் பத்திரத்திற் 'பிரிபடாத பாகம்' என்றொரு தொடர் காணப்படும். ஒரு கிரவுண்டு, அஃதாவது 2,400 சதுர அடி மனையில், ஒத்த அளவினவாய் எட்டு வீடுகள் எழுந்தால், ஒருவர்க்குரிய நிலம் 300 சதுர அடியே. அதனையும் வேலியிட்டுப் பிரித்துக்கொள்ள முடியாது. அழகிய கூடத்தையும் மின்தூக்கியையும் கண்டு மகிழ்வோர் பலர். இவ்வொரு வரியைப் படிப்போர் சிலரே.

இவ்வரியின் பொருள் கட்டடம் தளரும் நாளிலே விளங்கும். 2021 டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பொன்று இடிந்து, 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்ட மக்கள் முன்னரே வெளியேறியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்திற் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தபோதோ 61 பேர் மாண்டனர். சுவர் அழியும், நிலமே நிற்கும். தனக்கு எவ்வளவு நிலம் நின்றது என்பதே அன்று ஒருவன் கேட்கும் கேள்வியாகும்.

சட்டம் இப்போது சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. கட்டட மனை விற்பனை பற்றிய 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை வெளிப்படின், கட்டியவரே தம் செலவில் அதனைச் சீர்செய்தல் வேண்டும். தமிழ்நாட்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இல் இயற்றப்பெற்று 2024-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்டிக்கொள்ளலாம். ஆயினும், அயலாரோடு கூடிப் பேசி முடிவுசெய்யும் பொறுமையை எச்சட்டமும் தாராது. அஃது இல்லாதவர் அடுக்குவீட்டை நாடாதிருத்தலே நன்று.

இனி என் கருத்தைக் கூறுவேன். புதிதாக வாங்குவோர் தனிவீடா அடுக்குவீடா என்று கேட்குமுன், அந்நிலம் மழைக்காலத்தில் எவ்வாறுள்ளது என்று அண்டை வீட்டாரிடம் கேட்கக்கடவர். கோடையிற் பார்த்து முன்பணம் கொடுத்தல் ஆகாது. நிலம் தாழ்ந்ததாயின், அளவான பொருளுடையார்க்குச் சில வீடுகளே அடங்கிய சிறு கட்டடத்தின் மேல்மாடி ஏற்றது. பிரிபடாத பாகம் பத்திரத்தில் தெளிவாயிருத்தல் வேண்டும். நிலம் மேடாயின், சிறிதாயினும் தனிவீடே சிறந்தது. முன்னமே மண் உடையோர் வெள்ளத்துக்கு அஞ்சி அவசரத்தில் விற்கவேண்டா. தரையை உயர்த்திக் கட்ட வழியுண்டா என்று முதலில் ஆராய்க.

எங்கள் வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். சுவரிற் படிந்த நீர்க்கறையைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடலாம் என்று தரகர் சொன்னார். தந்தையார் அதற்கு இசையவில்லை. வந்தவரை அழைத்து அக்கறையைத் தம் கையாலேயே காட்டினார். வந்தவர் பின்பு வரவில்லை. வீடும் இன்னும் விலைபோகவில்லை. தமையனார்க்கு அது வருத்தமே. ஆயினும், நாம் தப்பிய வெள்ளத்தில் பிறரை அறியாது இறக்கிவிட்டு மேல்மாடியில் உறங்குதல் நமக்குத் தகுமோ? வீடு வாங்குவோர் எண்ணவேண்டியவற்றுள் இதுவும் ஒன்றென அறிக.