பெட்டிக்குள் நொறுங்கும் பூட்ஸ்

இரண்டு மூன்று முறை மட்டுமே போட்டுப் பத்திரமாக எடுத்து வைத்த பூட்ஸ், சில ஆண்டுகள் கழித்து அடிப்பாகம் கேக் போல உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால், இதில் நம் காற்றுக்கும் பங்குண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது.

இலேசான, மெத்தென்ற அடிப்பாகங்கள் பல பாலியூரித்தேன் நுரையால் ஆனவை. அதில் ஒரு வகையில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள நீராவி அவற்றை மெல்ல மெல்ல அறுக்க, நீண்ட மூலக்கூறுச் சங்கிலி துண்டு துண்டாகிறது. இதுதான் நீராற்பகுப்பு. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். நீங்கள் அணியாவிட்டாலும் இது நிற்காது.

அதனால், அன்றாடம் போட பூட்ஸ் வாங்கும் மாணவிகள் ரப்பர் அடிப்பாகத்தைத் தைத்துப் பொருத்திய ஜோடியைத் தேடுவதே நல்லது என்பேன். சற்றுக் கனக்கும், விலையும் கூடும். ஆனால், தேய்ந்தால் பெரும்பாலும் அடிப்பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மாலையில் கடைக்குப் போங்கள்; அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். “போகப் போக இளகிவிடும்” என்று அம்மா சொன்னாலும் நம்பாதீர்கள். தோல் இளகும், நீளம் கூடாது. குதி உயர்ந்தால் உடல் எடை முன்பாதத்தில் விழும்.

வீட்டில் நுரை அடிப்பாக பூட்ஸ் இருந்தால், தீபாவளிக்கென்று ஒதுக்காமல் இந்த வாரமே போட்டு நடங்கள்.