தபால்தலையில் எஞ்சிய நீலச் சிறகு



உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் தபால்தலை சேகரிப்பவர்களாயின், அவர்களது ஏட்டில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென ஒரு பக்கம் இருக்கக்கூடும். 1981ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட நான்கு தபால்தலைகள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். அவற்றுள் 18 பென்ஸ் மதிப்புள்ளது, ‘லார்ஜ் புளூ’ என்னும் நீல வண்ணத்துப்பூச்சியைத் தாங்கியிருக்கும். ஓவியர் கார்டன் பெனிங்ஃபீல்டு தீட்டிய எழிலான படம் அது. ஆனால், அத்தபால்தலை வெளிவந்தபோது அவ்வினத்தில் ஒன்றுகூடப் பிரிட்டனில் உயிரோடு இல்லை! 1979ஆம் ஆண்டிலேயே அது அந்நாட்டில் அற்றுப்போயிருந்தது.

எப்படி அழிந்தது? வலைவீசிப் பிடிப்போரே காரணமென்று நெடுங்காலம் எண்ணினர். எனவே அது வாழ்ந்த இடமொன்றைச் சுற்றி வேலியிட்டனர். வேலி மனிதரைத் தடுத்தது. மேய வந்த கால்நடைகளையும் தடுத்தது. பூச்சியோ அங்கிருந்தும் மறைந்தது.

புதிரை விடுவித்தவர் ஜெரமி தாமஸ் என்னும் ஆய்வாளர். இப்பூச்சியின் புழு, ‘தைம்’ எனும் நறுமணச் செடியின் பூவைச் சில வாரங்கள் தின்றபின் நிலத்தில் விழுகிறது. ஒருவகைச் சிவப்பெறும்பு அதனைத் தன் இனத்துப் புழுவென்றே நம்பித் தன் புற்றுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே எறும்பின் இளம்புழுக்களைத் தின்றே அது பல மாதங்கள் வளர்கிறது. அவ்வெறும்பு வாழ வெதுவெதுப்பான மண் வேண்டும். புல் குட்டையாக இருந்தால்தான் மண்ணில் வெயில் படும். 1950களில் கொள்ளைநோயால் முயல்கள் மடிந்தன, மேய்ச்சலும் குறைந்தது. புல் ஓங்கியது, மண் குளிர்ந்தது, எறும்பு அருகியது. அதனோடு வண்ணத்துப்பூச்சியும் போயிற்று.

காரணம் விளங்கியபின், மேய்ச்சலை மீட்டுப் புல்லைக் குறைத்தனர். 1983இல் ஸ்வீடனிலிருந்து அதே இனத்தைக் கொணர்ந்து விட்டனர். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் அது மீண்டும் பறந்து திரிகிறது. அதே வரிசையின் 25 பென்ஸ் தபால்தலையில் உள்ள ‘செக்கர்டு ஸ்கிப்பர்’ 1976இல் இங்கிலாந்தில் மறைந்து, ஸ்காட்லாந்தில் மட்டும் எஞ்சியிருந்தது. 2018இல் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவரப்பட்டு அதுவும் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

பெற்றோரே! பிள்ளைகள் அந்த ஏட்டைப் புரட்டும்போது அருகமர்ந்து இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். ஓர் உயிரைக் காக்க விரும்பினால், அது எதை நம்பி வாழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்பது அவர்கள் மனத்தில் பதியட்டும்.