வாளிக் கணக்கும் மரக் கணக்கும்



முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோரின் காணிக்கு இப்போதுதான் குடிவந்திருக்கிறார். வீட்டு வேலை முடிந்துவிட்டது, முற்றம் வெறும் வெட்டையாகக் கிடக்கிறது, மரக்கன்று வாங்கவென்றே கணவர் கட்டாரிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார், என்னென்ன வாங்கலாம் என்று கேட்கிறார். பேரீச்சை வைக்கலாமா என்பது கடிதத்தின் கடைசி வரி.

மார்க்கக் கேள்விக்குரிய பக்கத்தில் மரக்கன்றா என்று யோசிக்க வேண்டாம். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு ஸதகாவின் நன்மை உண்டு என்ற ஹதீஸின் கருத்து நம் எல்லோருக்கும் தெரியும். மரம் பிழைத்தால்தானே பறவை வரும்!

இதில் நான் பட்டுத் தெளிந்தவன். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வீட்டைப் பற்றி மனதில் மிஞ்சியது உம்மம்மாவின் கிணற்றடி மாதுளை மட்டுமே. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின் வந்து பார்த்தால் காணி காடாகிக் கிடந்தது. கிணற்றை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தை அடையாளம் கண்டோம். அந்த ஏக்கம் சும்மா இருக்க விடுமா? 2012 சித்திரையில் வவுனியாவுக்குப் போய், ஒரே நாளில் முப்பத்தொரு கன்றுகளை வாங்கி லொறியில் ஏற்றி வந்தேன். சித்திரை மழை இரண்டு பெய்திருந்தது, நிலம் ஈரமாயிருந்தது, அதை நம்பிவிட்டேன். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியது. நான் காலையில் மத்ரஸாவுக்குப் போய்விடுவேன். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றியவர் என் மனைவி. ஒருநாள் வாளியை வைத்துவிட்டு, "நீங்க மரம் வாங்கிக்கொண்டு வரேல்ல, எனக்கு வேலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீங்க" என்றார். ஆவணி முடியும்போது மிஞ்சியவை நான்கு.

ஆகவே கடைக்குப் போகுமுன் கிணற்றடிக்குப் போங்கள். இளங்கன்று ஒன்றுக்குக் கோடையில் மூன்று நாளைக்கு ஒரு வாளியாவது வேண்டும். முப்பது கன்றென்றால் தினமும் பத்து வாளி. சமையல், குளிப்பு, உடுப்புத் துவைப்பு எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் பத்து. அதுவும் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கும் ஆவணி, புரட்டாசியில். எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊருக்குத் தண்ணீரூற்று என்றே பெயர். பெயரை நம்பி மரம் வைக்க முடியாது. எட்டுக் கன்றென்றால் நாளுக்கு மூன்று வாளிக்குள் முடியும். அள்ளப்போகும் கை யாருடையதோ அவர்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். கணவர் அனுப்பிய பணம் மிஞ்சினால் வேலிக்குச் செலவிடுங்கள்.

பேரீச்சைக்கு வருவோம். பாலைவனத்து மரம், தண்ணீரே கேட்காது என்று பலர் நினைக்கிறார்கள். அறபிகளோ அதற்குக் காலில் தண்ணீரும் தலையில் நெருப்பும் வேண்டும் என்பார்கள். ஊற்றுள்ள இடத்தில்தான் அவர்களும் வைத்தார்கள். உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, அதற்கும் கீழே கீரை என்று மூன்று அடுக்கு. ஒரே தண்ணீர் மூன்றையும் வளர்த்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த அடுக்கைத்தான். நமக்கு மேலடுக்குத் தென்னையும் முருங்கையும். காத்தான்குடி வீதியில் பேரீச்சை நிற்கிறது, காய்க்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பழக்கொட்டையை முளைக்க வைத்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகும், பூக்கும்வரை தெரியவும் தெரியாது. ஆசைக்கு ஒன்று வையுங்கள், அதுவும் தாய்மரத்தின் பக்கக் கன்றாக.

எட்டையும் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. முருங்கைக்கு அயல்வீட்டில் கைமொத்தத்தில் ஒரு கம்பு கேளுங்கள். கறிவேப்பிலை வேரடியில் தானே கன்று விடும். வாழைக்குட்டியை வுளூச் செய்யும் நீரும் குளிக்கும் நீரும் ஓடும் இடத்தில் வைத்தால் தனியே ஊற்ற வேண்டாம். பப்பாசி விதையிலேயே வரும். ஒரு வருடத்துக்குள் பழம் தரும். ஆனால் மேடு கட்டி நடுங்கள். கோடையில் காயும் இதே வன்னியில், கார்த்திகை வெள்ளம் அடியில் தேங்கிப் பப்பாசி அழுகிச் சாவதை நான் கண்டிருக்கிறேன்.

வாங்க வேண்டியவை ஒட்டுமா ஒன்று, தேசி ஒன்று, மாதுளை ஒன்று, தென்னம்பிள்ளை ஒன்று. கடையில் உயரமான கன்றையும், பூவும் பிஞ்சுமாக நிற்பதையும் கண்டு மயங்க வேண்டாம். சின்னப் பையில் நெடுநாள் நின்றதன் வேர் உள்ளுக்குள் வளையமாகச் சுற்றியிருக்கும். நட்டாலும் ஆழம் போகாது. முழங்கால் உயரம் போதும். மாங்கன்றில் ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். அதற்குக் கீழே தளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். என்னுடைய நான்கில் ஒன்று மா. ஒட்டு செத்து, அடிக்கட்டை தளிர்த்ததைத்தான் நான் இரண்டு வருடம் வளர்த்தேன்!

கிடங்கை ஆவணி, புரட்டாசியிலேயே வெட்டி, மேல்மண்ணும் மக்கிய சாணமும் இட்டு வையுங்கள். ஐப்பசியில் மழை நன்றாக விழுந்த பின் நடுங்கள். மார்கழி, தைவரை வானம் ஊற்றும். கோடை வருமுன் வேர் இறங்கிவிடும். தென்னைக்கு மூன்றடி நீள, அகல, ஆழம். அடியில் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு. மழைநீரை அது குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஒரு கிடுகை மறைப்பாகக் கட்டுங்கள். அடியில் சருகு போடலாம். தண்டோடு ஒட்டப் போட்டால் கறையான் ஏறும்.

மாதுளைக்கும் தேசிக்கும் இன்னொரு வழி உண்டு. மெருகு பூசாத மண்முட்டி ஒன்றைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பிச் சிரட்டையால் மூடுங்கள். நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும், வெயிலில் வீணாகாது. சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய விவசாய நூலிலேயே உள்ள முறை இது. மூடி கட்டாயம், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டியவர்களாவோம்.

இரண்டாம் முறை என் மனைவி சொன்ன எண்ணிக்கைப்படி எட்டே எட்டு வைத்தோம். ஏழு நிற்கின்றன. கிணற்றடி மாதுளையில் அணில் எங்களை முந்திக்கொள்கிறது. எட்டாவதை ஆடு தின்றது. அன்று படலையைச் சாத்தாமல் ஸுபஹுக்குப் போனவன் நான்தான்.