நோயாளி கையிலே என்ன சீட்டு?

புற்றுநோய் என்றதும் நடுங்குகிறோம். பெயரைச் சொல்லவும் அஞ்சி, ‘அந்த நோய்’ என்கிறோம். தொட்டால் ஒட்டுமோ என்று நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்குகிறோம். ஒட்டாது, தோழர்களே! இது தொற்றுநோய் அல்ல.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று இந்நோய் வந்தால் சாவுதான் என்று எண்ணியோர் பலர். இன்றோ, காலத்தில் கண்டால் தீர்க்கத்தக்க புற்றுகள் பல. மருந்து வந்தது, கருவி வந்தது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வந்தது. விவரம் வந்ததா?

ஓர் ஆலைத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். புகையிலை மென்ற வாயிலே புண். வலியில்லை, ஆகவே கவலையில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, வாயில் படரும் வெள்ளைத் திட்டை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அவருக்குச் சொன்னவர் யார்? முற்றிய பிறகு ஓடுகிறார். மருந்து ஏற்றி, சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சீட்டோ ஆங்கிலத்தில்! பத்தாம் நாள் காய்ச்சல். கடையிலே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும். அப்போது வரும் காய்ச்சல் உயிரையே பறிக்கக்கூடும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தச் செய்தி தமிழிலே இருந்திருந்தால்?

வலியின் கதையும் அதுவே. மார்ஃபின் என்றால் போதை என்று அஞ்சி, துடித்துக் கிடக்கிறார்கள். மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபின் வலியைத் தணிக்கும், உறங்க வைக்கும், உண்ண வைக்கும். அது நோயாளிக்குக் கிடைப்பதை எளிதாக்க, 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் திருந்தியது, சேதி குடிசைக்கு வரவில்லை.

“ஏழைக்குச் சொன்னால் புரியாது” என்பார் உண்டு. நுட்பமான எந்திரத்தை ஓட்டுகிறவனுக்குத் தன் உடம்பின் சேதி புரியாதா? புரியும் மொழியிலே சொல்லுங்கள், புரியும்!

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-ல். கோட்டைக் கோப்பிலே ஏறிய தமிழ், நோயாளியின் சீட்டிலும் ஏறட்டும். என்ன நோய், என்ன மருந்து, எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும், யாரைக் கேட்கலாம்? இந்த நான்கையும் தமிழிலே எழுதித் தரட்டும். எழுத்தறியாதவருக்கு வாயாலும் சொல்லட்டும். இது சலுகையல்ல, சிகிச்சையின் பாதி!

அரசிடம் கேட்போம். அதுவரை சும்மா இருப்பதா? படிப்பகத்திலே, சங்கக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். தெருவிலே ஒரு நோயாளி இருந்தால் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, தமிழிலே எழுதி வாங்கி வாருங்கள். கொடி பிடித்த கைக்கு அந்தச் சீட்டு பாரமாகாது!